நடுப்பத்தியில் இருக்கும் மனிதர்

மூச்சுப் பரிசோதனைக்குப் போய் வருகிறவர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் மூன்று எண்கள் முக்கியம். அவர் எத்தனை லிட்டர் காற்றை ஊதினார் என்பது ஒன்று. எத்தனை லிட்டர் ஊதியிருக்க வேண்டும் என்பது அடுத்தது. முன்னது பின்னதில் எத்தனை சதவீதம் என்பது கடைசி. மருத்துவரின் பார்வை நேராகச் சதவீதத்துக்குப் போகும். நோயாளி வீட்டுக்கு எடுத்துப்போவதும் அதைத்தான்: "எழுபது பர்சென்ட்தான் வேலை செய்யுதாம்." நடுவில் இருக்கும் எண்ணை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

அந்த நடு எண் ஒரு மனிதருடையது. அவருக்கு உங்கள் வயது, உங்கள் உயரம். நீங்கள் ஆணென்றால் அவரும் ஆண், பெண்ணென்றால் அவரும் பெண். நோய்நொடி இல்லாதவர், புகை பிடிக்காதவர். அவர் எந்த ஊரிலும் வாழ்ந்ததில்லை. கணக்கில் பிறந்து கணக்கிலேயே இருப்பவர். உங்கள் மூச்சு நல்ல மூச்சா இல்லையா என்று தீர்ப்பது அவர் பக்கத்தில் உங்களை நிறுத்திப் பார்த்துத்தான். அப்படியிருக்க, அவர் எந்தத் தேசத்துக்காரர், என்ன சாப்பிட்டு வளர்ந்தார், எப்படிப்பட்ட வீட்டில் தூங்கினார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பட்டுத்தறிக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் நின்றுகொண்டு கேட்டால் அந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிடுகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் மூச்சுப் பரிசோதனைக்கு 'ஊதுற டெஸ்ட்' என்று பெயர். தெரிந்த நெசவாளி ஒருவருக்குத் துணையாக ஒருமுறை போயிருந்தேன். வயது அறுபதை ஒட்டி இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவர். பரிசோதனை செய்கிற பெண் முதலில் உயரம் பார்த்தார். "செருப்பக் கழட்டிட்டு செவுத்தோட ஒட்டி நில்லுங்கய்யா." குதிகால் ஒட்டியது, இடுப்பு ஒட்டியது. தோளும் தலையும் ஒட்டவில்லை. வாழ்நாளெல்லாம் குழித்தறியில் குனிந்த முதுகு. "நிமிருங்கய்யா" என்றார் அந்தப் பெண். "இவ்ளோதாம்மா நிமிர முடியும்" என்றார் அவர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதிர்பார்க்கும் அளவைக் கணக்கிடும் சூத்திரம் உயரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. உயரம் குறைந்தால் எதிர்பார்ப்பும் குறையும். முதுகு வளைந்து இரண்டு மூன்று அங்குலம் போனவரின் உயரத்தை அப்படியே எழுதினால், நடு எண் சுருங்கி, சதவீதம் ஏறிவிடும். வேலையால் வளைந்த முதுகு, அதே வேலை மூச்சுக்குச் செய்த கேட்டைத் தாளில் சிறிதாக்கிக் காட்டிவிடுகிறது. கூன் விழுந்தவர்களுக்கு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணிக்க வேண்டும் என்பது நெறிமுறை. அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. நாடா எறிந்து எறிந்து பழகிய அந்தக் கைகளை விரிக்கச் சொல்லி அளந்துகொண்டார்.

அப்புறம் மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழல். "நல்லா இழுங்க, இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விட்றாதீங்க, உள்ள இருக்கு, இன்னும் இருக்கு..." கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது. குறைந்தது மூன்று முறை சரியாக ஊதியாக வேண்டும். அவற்றில் பெரிய இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும், ஊசி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இங்கே மனிதர் முழு மனதோடு முயன்றால்தான் எண் வரும். எதிரே நிற்பவர் எவ்வளவு அக்கறையோடு உரக்கச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். எனக்குத் தெரிந்து மருத்துவத்தில் இவ்வளவு தூரம் இருவர் சேர்ந்து உண்டாக்கும் அளவு வேறு அதிகமில்லை.

கருவி இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. நெஞ்சு நிறைய இழுத்ததை முழுவதும் ஊதி முடித்தால் மொத்தம் எவ்வளவு. முதல் நொடியில் மட்டும் எவ்வளவு. நலமாக இருப்பவர் மொத்தத்தில் முக்கால் பங்கை முதல் நொடியிலேயே வெளியே தள்ளிவிடுவார். ஆஸ்துமாவோ புகையால் வரும் நோயோ இருந்தால் குழாய்கள் ஒடுங்கி, காற்று மெதுவாகக் கசியும். அப்போது முதல் நொடியின் பங்கு குறையும். நுரையீரலே இறுகிப்போயிருந்தால், அல்லது நெஞ்சுக்கூடு விரிய மறுத்தால், வேகம் சரியாக இருக்கும், மொத்தம் சிறுத்துவிடும். பாரிஸில் டிஃபெனோவும் பினெல்லியும் 1947இல் இந்த முதல் நொடிக் கணக்கைக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் பிரித்தறிய வழி பிறந்தது.

எவ்வளவு முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் உள்ளேயே தங்கிவிடும். அந்த எஞ்சிய காற்றை ஊதும் கருவியால் அளக்க முடியாது. ஹம்ஃப்ரி டேவி 1800ஆம் ஆண்டிலேயே ஹைட்ரஜனைச் சுவாசித்து, அது உள்ளே இருந்த காற்றோடு கலந்து எவ்வளவு நீர்த்துப்போனது என்று பார்த்துத் தன் நெஞ்சில் எஞ்சியதைக் கணக்கிட்டார். இன்று ஹீலியத்தை வைத்து அதே வழியில் செய்கிறார்கள். பிறந்த குழந்தையின் முதல் அழுகையோடு உள்ளே போன காற்றுக்கு அப்புறம், நுரையீரல் ஒருநாளும் முழுக்கக் காலியாவதில்லை.

நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. விலா எலும்புகள் மேலெழுந்து, உதரவிதானம் கீழிறங்கி இடம் கொடுத்தால்தான் அது விரியும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் சேவை சாதித்தபோது, வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் மூச்சு முட்டியவர்கள் எத்தனையோ பேர். நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் சிக்குகிறவர்களின் நுரையீரலில் குறையிருக்காது. சுற்றிலும் காற்றும் இருக்கும். முன்னும் பின்னும் நெருக்கும் உடம்புகளுக்கு நடுவில் விலா எலும்புக்கு அசைய இரண்டு அங்குல இடம் கிடைக்காது, அவ்வளவுதான். மூச்சின் அளவு நுரையீரலுக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது என்று இதற்குமேல் கொடுமையாக யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

நடு எண்ணின் கதை லண்டனில் தொடங்குகிறது. ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களோடு தொடர்புடையவர். காசநோய் யாருக்கு வரப்போகிறது என்று முன்கூட்டி அறிவது மருத்துவத்துக்கும் தேவை, காப்பீட்டுக்கும் தேவை. தண்ணீரில் கவிழ்த்த மணி வடிவ உருளை ஒன்று, ஊதும் காற்றுக்கு ஏற்ப மேலே எழும்படி அவர் ஒரு கருவி செய்தார். 1846இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவுகள் இருந்தன: மாலுமிகள், தீயணைப்பாளர்கள், காவலர்கள், அச்சுத் தொழிலாளர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், பரம ஏழைகள், கனவான்கள். முழு மூச்சை உயிர்ப்புத் திறன் என்று பெயரிட்டு அழைத்தவர் அவர்தான். அது எடையோடு ஏறவில்லை, உயரத்தோடு ஏறியது. ஓர் அங்குல உயரத்துக்கு எட்டுக் கன அங்குலக் காற்று. வயதானால் இறங்கியது. உயரத்தோடு ஏறியது அவருக்கே வியப்பாக இருந்தது. மனிதர்களுக்கிடையே உயர வேறுபாடு பெரும்பாலும் காலில்தானே இருக்கிறது, நெஞ்சில் இல்லையே என்று அவர் குழம்பினார்.

ஆனால் ஹட்சின்சன் விட்டுப்போனவற்றில் என்னை மிகவும் தொட்டது அந்தப் பெரிய அட்டவணை அன்று, ஒரே ஒரு ஆளின் கதை. சார்லஸ் ஃப்ரீமன் என்று அமெரிக்காவிலிருந்து வந்த குத்துச்சண்டைக்காரர், கிட்டத்தட்ட ஏழடி உயரம். 1842இல் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய அளவு 434 கன அங்குலம், ஏழு லிட்டருக்கும் மேல். இரண்டு ஆண்டு கழித்து அவர் உடல் தளர்ந்து திரும்பி வந்தபோது ஹட்சின்சன் மறுபடி அளந்தார். வெகுவாகக் குறைந்திருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்ட மருத்துவர்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. 1845இல் ஃப்ரீமன் காசநோயில் இறந்தார். குறைந்த பிறகும்கூட அவர் ஊதியது சராசரி மனிதரைவிடக் கூடுதல்தான். அட்டவணையோடு ஒப்பிட்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவரை அவரோடு ஒப்பிட்டபோதுதான் நோய் தெரிந்தது.

வரலாறு அந்த வழியில் போகவில்லை. அட்டவணையின் வழியில் போனது. 1851இல் லூயிசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின மக்களின் நுரையீரல் வெள்ளையரைவிட 20 சதவீதம் குறைவு என்று எழுதி, அடிமை உழைப்புதான் அவர்களுக்கு ஆரோக்கியம் என்ற வாதத்துக்கு அதை முட்டுக்கொடுத்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு பெஞ்சமின் கூல்ட் 1869இல் வெளியிட்ட படைவீரர் புள்ளிவிவரங்கள் அதற்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டன. நேற்றுவரை அடிமையாக இருந்தவனின் உணவு, உறைவிடம், உழைப்பு எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை. தோல் நிறம் மட்டும் வந்தது. லண்டி பிரவுன் என்ற அறிஞர் 2014இல் எழுதிய நூலில் இந்த வரலாற்றை முழுவதுமாகத் தோண்டி எடுத்திருக்கிறார். 1999இல்கூட பால்டிமோரில் ஒரு நிறுவனம், கல்நார்த் தூசியால் பாதிக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்கள் இழப்பீட்டு வழக்குப் போட வேண்டுமென்றால் வெள்ளையரைவிட மோசமான மூச்சளவைக் காட்ட வேண்டும் என்று வாதாடியது. உங்கள் இனத்துக்கு இதுவே இயல்பு என்று சொல்லிவிட்டால் நோய் காணாமல் போய்விடுகிறது. நோய்க்கான பொறுப்பும் கூடவே காணாமல் போகிறது.

நம் பக்கத்திலும் அளந்திருக்கிறார்கள், நாம் நினைப்பதைவிட முன்பே. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் 1932இல் சென்னையிலிருந்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் கிருஷ்ணனும் வரீதும் 103 மருத்துவ மாணவர்களின் உயிர்ப்புத் திறனைப் பதிவு செய்தார்கள். மற்றொன்று எலினார் மேசனுடையது. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், தென்னிந்தியப் பெண்களின் உயரம், எடை, உடற்பரப்பு இவற்றிலிருந்து மூச்சளவைக் கணிப்பதற்கான தர அளவுகளைக் கொடுத்தார். பெண்களின் உடம்பை ஆணின் கணக்கில் கழித்துப் பார்க்காமல் அதற்கென்றே ஒரு கணக்குப் போட்ட அந்த வேலையை நாம் இன்னும் கொண்டாடவில்லை. அதன் பிறகு 1990இல் சேத்துப்பட்டிலிருந்த காசநோய் ஆராய்ச்சி மையத்தின் விஜயனும் உடன் பணியாற்றியவர்களும் சென்னையில் நலமாக வாழும் இளைஞர்களை அளந்து, 'தோராக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அந்த மையம் 1956இல் தொடங்கியது. காசநோயாளிக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் விடுதியில் வைத்துப் பார்ப்பதற்கு நிகராகக் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டிய இடம். ஹட்சின்சன் எந்த நோயைப் பிடிக்கக் கருவி செய்தாரோ அதே நோயின் மருத்துவமனையில் நம் மூச்சுக்கான தர அளவும் பிறந்தது பொருத்தம்தான்.

1932, 1990 இரண்டும் சொன்னது ஒன்றே. மேலை நாட்டாரின் அளவைவிடத் தென்னிந்தியரின் அளவு குறைவு.

இங்கேதான் சிக்கல். அந்த நெசவாளியை எடுத்துக்கொள்வோம். அறுபது வயது, 160 சென்டிமீட்டர். ஐரோப்பியரை அளந்து செய்த சமன்பாடு அவரிடம் ஏறக்குறைய மூன்றரை லிட்டரை எதிர்பார்க்கும். இந்தியரை அளந்து செய்தது மூன்றுக்கும் குறைவாகவே எதிர்பார்க்கும். அவர் இரண்டரை ஊதினால், முதல் கணக்கில் அவர் நோயாளி. இரண்டாவது கணக்கில் நலமானவர். ஒரே நெஞ்சு, ஒரே ஊதல். ஐரோப்பியக் கணக்கைப் போட்டால் ஊரில் பாதிப் பேர் காரணமில்லாமல் பயந்துபோவார்கள். அறுவை சிகிச்சை மறுக்கப்படலாம், வேலை மறுக்கப்படலாம். இந்தியக் கணக்கைப் போட்டால், அரைவயிறு சாப்பிட்டு அடுப்புப் புகையில் வளர்ந்த ஒரு தலைமுறையின் நுரையீரலை 'இயல்பு' என்று முத்திரை குத்தி, அதே அளவுகோலை அடுத்த தலைமுறைக்கும் நீட்டுகிறோம். இரண்டும் தவறு. இரண்டாவதுதான் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அதில் யாரும் பயப்பட மாட்டார்கள்.

குறைவு இரத்தத்தில் இருக்கிறதா, வளர்ப்பில் இருக்கிறதா? மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் நடுவயதுக்காரர்களான பிறகு அவர்களைத் தேடிப் பிடித்து ஊதச் சொன்னார்கள். 1997இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்களுக்குப் பெரியவர்களான பின்னும் மூச்சளவு குறைந்தே இருந்தது. தாய் கர்ப்பமாயிருந்தபோது உண்ணாத சோறு, நாற்பது ஆண்டு கழித்துப் பிள்ளையின் நெஞ்சில் காற்றுக் குறைவாகத் தெரிகிறது. 2015இல் இன்னொரு ஆய்வு: தென்னிந்திய நகரக் குழந்தைகள், கிராமக் குழந்தைகள், இங்கிலாந்தில் வளரும் இந்திய வம்சாவளிக் குழந்தைகள் மூவரையும் ஒப்பிட்டார்கள். நகரக் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு ஈடாக ஊதினார்கள். கிராமக் குழந்தைகள் பின்தங்கினார்கள். மூவருக்கும் இரத்தம் ஒன்றுதான். ஐரோப்பியருக்கும் நமக்கும் உள்ள வேறுபாட்டில் உடல்வாகுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்; உயரத்தில் கால் எவ்வளவு, உடல் எவ்வளவு என்ற ஹட்சின்சனின் பழைய குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் முழுப் பழியையும் இரத்தத்தின் மேல் போட இனி இடமில்லை.

இப்போது தறிவீட்டுக்குள் வருவோம். குழித்தறியில் நெசவாளியின் கால் குழிக்குள் மிதியில் இருக்கும். வயிற்றை ஒட்டிப் படமரம். நெய்த சேலை அதில் சுருளச் சுருள அதன் கனமும் கூடும். கண் பாவிலும் ஜரிகையிலும் இருப்பதால் தலையும் தோளும் முன்னே சாயும். உதரவிதானம் இறங்க வேண்டிய இடத்தில் மடிந்த வயிறு. விலா எலும்பு விரிய வேண்டிய இடத்தில் குவிந்த தோள். பஞ்சாலைத் தூசியால் திங்கட்கிழமை நெஞ்சை அடைக்கும் நோய் கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். பட்டுத்தறியில் அந்த அளவு தூசி கிடையாது. இங்கே கேடு சத்தமில்லாதது. மழைக்காலத்தில் குழியில் ஊறும் ஈரம், நெருக்கமான வீடு, நாளெல்லாம் பாதி விரிந்த நெஞ்சு.

கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வெவ்வேறு நிறம். கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ளக் கூட ஓர் ஆள் வேண்டும். பல ஆண்டுகளாக அந்த இடத்தில் இருந்தது ஒரு சிறுவனோ சிறுமியோதான். பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் தறியின் ஓரத்தில் மணிக்கணக்காகக் குந்தியிருந்த அந்தப் பிள்ளைகளின் படிப்பு போனதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், தடுக்கவும் செய்திருக்கிறார்கள். ஆனால் நுரையீரல் இருபது வயதைத் தாண்டும்வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஓடி, மரமேறி, குளத்தில் குதித்து, நெஞ்சை விரித்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. அந்தப் பிள்ளைகள்தாம் இன்று ஐம்பதைக் கடந்து 'ஊதுற டெஸ்ட்'டுக்கு வருகிறார்கள். அவர்களை அளந்து, அவர்கள் அளவையே 'இந்திய இயல்பு' என்று வைத்துக்கொள்வது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

பெண்களின் கணக்கு வேறு. தாறு சுற்றுவதும் இழை பார்த்து முடிவதும் பெரும்பாலும் அவர்கள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் அடுப்படி. தமிழ்நாட்டு வீடுகளின் சமையலறைப் புகையை அறை அறையாக அளந்த போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவின் ஆய்வுகள், வீட்டுக்குள் இருக்கும் காற்று தெருக்காற்றைவிட எவ்வளவு மோசமாகும் என்று உலகத்துக்கே காட்டின. கேஸ் அடுப்பு வந்துவிட்டது, நல்லது. விறகையும் வரட்டியையும் ஊதி ஊதி எரித்த பாட்டிகளின் நெஞ்சில் அந்த ஆண்டுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பீடிகூடப் பிடிக்காதவருக்கு எப்படி இந்த நோய் என்று மருத்துவமனையில் கேட்கும் பிள்ளைகள், அம்மா எத்தனை ஆண்டு அடுப்பூதினாள் என்று யோசிப்பதில்லை.

இவ்வளவும் கொள்ளளவைப் பற்றி. அதை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் 1909இல் நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா குட்டையானவர். ஹட்சின்சனின் கணக்குப்படி அவர் நெஞ்சுக்கு ஒதுக்கப்பட்ட காற்று கொஞ்சம்தான். அந்தக் காற்றை அவர் செலவழித்த விதத்தை ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம். அடுக்கடுக்காகப் போகும் வாக்கியம், எங்கே மூச்சு வாங்கினார் என்று கேட்பவருக்குத் தெரியாது. வாக்கியத்தின் வளைவில் வாங்கியிருப்பார். வரதர் புறப்பாட்டில் திருச்சின்னம் ஊதுகிறவரும் இதே கலையில் தேர்ந்தவர். மெல்லிய நீண்ட குழல்கள் இரண்டை ஒன்றாக வாயில் வைத்து ஊதும் அந்தக் கருவியின்மேல் வேதாந்த தேசிகர் ஒரு மாலையே பாடியிருக்கிறார். முன்பெல்லாம் நாகஸ்வரத்துக்குத் துணையாக ஒத்து ஊதுபவர் உண்டு. அவருக்குச் சுரம் ஒன்றே. விடாமல் ஒலிக்க வேண்டும் என்பதே வேலை. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் உள்ளே இழுத்துக்கொள்வார். மணிக்கணக்கில் ஒலி அறாது. சுருதிப் பெட்டி வந்து அந்த ஆளை அனுப்பிவிட்டது. வயது வந்தபின் எடுக்கும் பயிற்சி நுரையீரலின் கொள்ளளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. காற்றை அளந்து செலவிடும் தசைகளைத்தான் பழக்குகிறது. கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கும் முதியவர்களைக் கவனித்தால் இது புரியும். படியேற மூச்சு வாங்குகிறவர் பாசுரத்தில் தடுமாற மாட்டார்.

நம் யோக மரபுக்கும் ஒரு மூச்சுக் கணக்கு உண்டு: நாளொன்றுக்கு 21,600. நிமிடத்துக்குப் பதினைந்து, இன்றைய உடலியங்கியலும் ஏற்கும் எண். சிதம்பரத்துப் பொன்கூரையின் ஓடுகளுக்கும் அதே எண்ணைச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் உயரமும் இனமும் வராது. அரசனுக்கும் தறிக்காரனுக்கும் ஒன்றே. கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அது யாருடைய நோயையும் கண்டுபிடித்துக் கொடுக்காது. நமக்குத் தாளும் வேண்டும், எண்ணும் வேண்டும்.

நடு எண்ணைத் திருத்தும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2012இல் 26 நாடுகளின் 74,187 பேரை வைத்து உலக அளவிலான சமன்பாடுகள் வந்தன. இனவாரியாகப் பிரித்திருந்தார்கள், இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனி வரிசை இல்லை, 'மற்றவர்' என்ற வரிசையில் நாம் போய் நிற்க வேண்டியிருந்தது. 2023இல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இனப் பிரிவையே விட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே சமன்பாட்டைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. நேர்மையான முடிவு. ஆனாலும் அந்த ஒரே சமன்பாட்டுக்குள் இருப்பவரும் சராசரி மனிதர்தான். சின்ன காஞ்சிபுரத்து நெசவாளி அல்லர்.

ஃப்ரீமனிடம் ஹட்சின்சன் செய்ததை நாம் இங்கே செய்யலாம். இளமையில் உச்சத்தைத் தொட்டபின், நலமானவர் முதல் நொடியில் ஊதும் அளவு ஆண்டுக்கு இருபத்தைந்து முப்பது மில்லிலிட்டர் என்று குறைந்துகொண்டு வரும். பத்தாண்டில் ஏறக்குறைய கால் லிட்டர். ஐந்தே ஆண்டில் அரை லிட்டர் போனால் அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் உள்ளே ஏதோ நடக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள இருபத்தைந்து வயதில் ஒருமுறை ஊதியிருக்க வேண்டும், அந்த எண் எங்காவது இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பாவும் ஊடையும் சரிகையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். நெய்து வந்த சேலையை மறுபடி எடை போட்டுத்தான் வாங்குகிறார்கள். அதற்கென்று பாஸ் புத்தகம் இருக்கிறது. அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு வரி, நெசவாளியின் மூச்சுக்கும், தாறு சுற்றும் அவர் மனைவியின் மூச்சுக்கும் ஒதுக்கினால் போதும். கையடக்கக் கருவி வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது; அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போக ஒரு செவிலியர் போதும்.

அது வரும்வரை அவரவர் செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை ஊதிவிட்டு வந்தால், எந்தச் சமன்பாட்டை வைத்துச் சதவீதம் போட்டார்கள் என்று கேளுங்கள். தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சதவீதத்தோடு லிட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகு வளைந்த பெரியவர்களைக் கூட்டிப்போனால் கை விரித்து அளக்கச் சொல்லுங்கள். பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். சில கருவிகள் வெப்பத்தாளில்தான் அச்சடிக்கும். பீரோவில் வைத்தாலும் எழுத்து வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்துவிட வேண்டும்.